விருந்தும் படையும் பலியும்

2011ஆம் ஆண்டு நவம்பர் 27, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆங்கிலத்தில் திருப்பலி காணும் இறைமக்கள் பலருடைய நாவில் அன்று ஒரு பழஞ்சொல் மீண்டும் வந்து அமர்ந்தது. ‘தூயவர்’ கீதத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஆண்டவரை ஆற்றலும் வல்லமையும் கொண்ட கடவுள் என்று சொல்லிவந்தவர்கள், புதிய மொழிபெயர்ப்பின்படி அவரை ‘ஹோஸ்ட்’டுகளின் கடவுள் என்று பாடத் தொடங்கினார்கள். நற்கருணைக் கிண்ணத்தில் இருக்கும் அப்பத்துக்கும் ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ என்றே பெயர். ஆகவே அந்தக் கீதத்தில் வருவதும் அப்பமே என்று எண்ணிக்கொள்ளும் சிறுவனை நாம் குறைகூற முடியாது. அவனுடைய வீட்டில் விருந்தினரை வரவேற்கும் தந்தைக்கும் அதே பெயர்தானே!

எழுத்தில் ஒன்று, ஒலியில் ஒன்று, பொருளோ மூன்று. விருந்தளிப்பவர், பெரும்படை, நற்கருணை அப்பம். நல்ல ஆங்கில அகராதியைப் புரட்டினால் இவை மூன்றும் தனித்தனிச் சொற்களாகவே எண்ணிடப்பட்டிருக்கும். இலத்தீனில் இவை வெவ்வேறாய் இருந்தன. விருந்தோம்புபவர் ‘ஹோஸ்பெஸ்’, பகைவர் ‘ஹோஸ்திஸ்’, பலிப்பொருள் ‘ஹோஸ்தியா’. இலத்தீன் மக்கள் வாயில் தேய்ந்து பழைய பிரெஞ்சு மொழியானபோது சொற்களின் வால்கள் உதிர்ந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அந்தப் பிரெஞ்சுச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலத்திற்குள் நுழைந்து, உள்ளே சென்றதும் ஒரே உருவம் பெற்றுவிட்டன.

மொழிகளில் இத்தகைய விபத்துகள் நிறையவே நடக்கின்றன. ஆனால் இந்த மூன்றையும் பற்றி ஆராய்வோர் சொல்லும் செய்தி நம்மைச் சற்று நிறுத்தி வைக்கிறது. இவற்றுள் முதலிரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. விருந்தளிப்பவரும் பகைவரும் ஒரு தாய் மக்கள்!

அது எவ்வாறு நிகழ்ந்தது? கிறிஸ்துவுக்கு முன் 450ஆம் ஆண்டளவில் உரோமையர் தங்கள் சட்டங்களைப் பன்னிரண்டு பலகைகளில் எழுதி வைத்தனர். அவற்றில் ‘ஹோஸ்திஸ்’ என்ற சொல் வருகிறது. ஓர் அயலானுடன் வழக்குக்கென்று நாள் குறிக்கப்பட்டிருந்தால், அந்த நாளைப் பற்றிய விதியில் வருகிறது. அங்கே அதற்குப் பகைவன் என்று பொருளில்லை. வேற்றூரான் என்பதே பொருள். அவனுக்கும் நீதிமன்றத்தில் ஒரு நாள் உண்டு, அவனுக்கும் ஓர் உரிமை உண்டு. நானூறு ஆண்டுகள் கழித்துச் சிசெரோ ‘கடமைகள்’ பற்றிய தம் நூலில் இதைக் குறிப்பிடுகிறார். முன்னோர்கள் அயலானை அழைத்த அதே மென்மையான பெயரால்தான், போர்க்களத்தில் எதிர்நிற்பவனையும் தம் காலத்தவர் அழைக்கிறார்கள் என்பது அவர் கருத்து. பகைவனுக்குக்கூட எவ்வளவு நயமான பெயர் என்று அவர் இதைத் தம் முன்னோரின் பெருந்தன்மைக்குச் சான்றாக்குகிறார். நமக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. சொல் மாறவில்லை, அயலானைப் பார்த்த கண்தான் மாறிவிட்டது. நேற்று வேற்றூரான், இன்று எதிரி.

அதே வேர் வடக்கே செருமானிய மொழிகளுக்குள் சென்றபோது வேறு வழியில் வளர்ந்தது. செருமன் மொழியில் ‘காஸ்ட்’ என்றும் ஆங்கிலத்தில் ‘கெஸ்ட்’ என்றும் வழங்கும் விருந்தினர் என்ற சொல் அதிலிருந்து வந்ததே. ஆக, ஓர் ஆங்கிலேயர் தம் வீட்டு வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கும்போது, வருபவர், வரவேற்பவர் ஆகிய இருவருடைய பெயரும் ஒரே பழைய வேரின் கிளைகள். பகைமையைக் குறிக்கும் ‘ஹாஸ்டைல்’ என்ற சொல்லும் அந்த வேரினதே.

நம் தமிழிலும் ‘விருந்து’ என்பது முதலில் புதுமையைக் குறித்த சொல். தொல்காப்பியர் புதுவகை யாப்பில் அமையும் நூலை ‘விருந்து’ என்கிறார். புதிதாக வந்தவர் விருந்தினர் ஆனார். பின்னர் அவருக்குப் படைக்கும் உணவும் அப்பெயர் பெற்றது. உறவினர் கூடி உண்பதையே இன்று நாம் விருந்து என்கிறோம். முன்பின் அறியாத புதியவர் அந்தச் சொல்லிலிருந்து மெல்ல வெளியேறிவிட்டார்.

‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லுக்கு வருவோம். இலத்தீனில் இதற்கு விருந்தளிப்பவர், விருந்தினர் என இரு பொருளும் உண்டு. இன்றைய பிரெஞ்சு மொழியின் ‘ஓத்’ என்ற சொல்லும் அப்படியே. இடத்தை வைத்துத்தான் யார் யார் என்று கண்டுகொள்ள வேண்டும். இதைக் குழப்பம் என்று நாம் நினைக்கலாம். பண்டைய மக்கள் அவ்வாறு நினைக்கவில்லை. இன்று நீ என் வீட்டில், நாளை நான் உன் வீட்டில் என்பதே அந்த உறவு. இரு குடும்பங்கள் இவ்வாறு நட்புப் பூண்டபோது ஒரு சிறு வில்லையை இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வது வழக்கம். பல ஆண்டுகள் கழித்துப் பேரன் ஒருவன் தொலைநாட்டில் அந்தப் பாதியைக் காட்டினால், மறுபாதியோடு பொருத்திப் பார்த்துக் கதவைத் திறப்பார்கள். இத்தகைய அடையாளத்தைக் கிரேக்கர் ‘சிம்போலோன்’ என்றனர். நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்திற்குத் திருச்சபை கொடுத்த பழைய இலத்தீன் பெயரும் ‘சிம்போலும்’ என்பதே.

தீர்வை நாளைப் பற்றி ஆண்டவர் கூறியதை மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்நியனாக இருந்த தம்மை ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றி அவர் பேசுமிடத்தில், புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பு ‘ஹோஸ்பெஸ்’ என்ற சொல்லையே ஆள்கிறது. புனித பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய துறவற ஒழுங்கின் 53ஆம் அதிகாரத்தை இந்த வசனத்தின் மேல்தான் கட்டினார். மடத்துக்கு வரும் எவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும். மடத்தலைவரே அவர்கள் கைகளுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். ஏழைகளையும் திருப்பயணிகளையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். செல்வர்களுக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்று அவர் சேர்த்துக்கொள்வதைப் படிக்கும்போது, மனிதரை நன்கு அறிந்தவர் என்று நாம் முறுவலிக்கிறோம்.

எம்மாவு வழியில் நடந்ததை லூக்கா மிக நுட்பமாகச் சொல்கிறார். சீடர் இருவரும் தங்களோடு நடந்தவரை எருசலேமில் நடந்ததை அறியாத அந்நியர் என்று கருதினார்கள். மாலையானதும் தங்களுடன் தங்குமாறு அவரை வற்புறுத்தினார்கள். ஆக அவர் விருந்தினர். ஆனால் பந்தியில் அமர்ந்ததும் அப்பத்தை எடுத்துப் போற்றி, பிட்டு, அவர்களுக்குக் கொடுத்தவர் யார்? வீட்டுக்காரர் செய்ய வேண்டியதை விருந்தினர் செய்தார். அந்நியர், விருந்தினர், விருந்தளிப்பவர் என மூன்று நிலைகளும் ஒருவரிடத்தில் கூடிய அந்த வேளையில் அவர்கள் கண்கள் திறந்தன.

இந்தச் சொல் எத்தனையோ கட்டடங்களுக்குப் பெயராகிவிட்டது. கப்பதோக்கியாவின் செசரேயாவில் 370ஆம் ஆண்டு ஆயரான புனித பெரிய பசிலியார், நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் நோயாளிகளுக்கும் இல்லங்கள் எழுப்பினார். அதைப் புதியதொரு நகரம் என்றே அவருடைய நண்பரான நசியான்சு கிரகோரியார் புகழ்ந்தார். 399இல் இறந்த உரோமைச் சீமாட்டி பபியோலா அந்நகரில் நோயாளிகளுக்கென முதன்முதல் ஓர் இல்லம் அமைத்ததை எரோணிமுசு தம் மடலில் பதிந்துள்ளார். பாரிசு நகரின் ‘ஓத்தெல் தியே’, அதாவது கடவுளின் இல்லம், 651இல் தொடங்கியது என்பது மரபு. இத்தகைய விருந்தில்லங்களுக்கு இலத்தீனில் ‘ஹோஸ்பித்தாலே’ என்று பெயர். பயணியும் நோயாளியும் ஏழையும் அங்கே ஒரே கூரையின்கீழ்த் தங்கினார்கள். காலப்போக்கில் அவர்கள் பிரிக்கப்பட்டார்கள். பணமுள்ள பயணி ‘ஹோட்ட’லுக்குப் போனான், மாணவன் ‘ஹாஸ்ட’லுக்குப் போனான், நோயாளி ‘ஹாஸ்பிட்ட’லுக்குப் போனான். நம் பாட்டிமார் ஆஸ்பத்திரி என்று சொன்னபோது அவர்களும் ‘ஹோஸ்பெஸ்’ குடும்பத்துச் சொல்லையே சொன்னார்கள். 1967இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து, குணப்படுத்த இயலாத நோயாளிகளின் கடைசி நாட்களுக்கு இடம் தந்தார். அப்போது அவர் எடுத்துக்கொண்டதும் ‘ஹாஸ்பிஸ்’ என்ற பழைய பெயரே. மரணத்தறுவாயில் இருப்பவர் ஒரு பயணி என்பதை அந்தப் பெயர் அறிந்திருக்கிறது.

ஆங்கில இலக்கியத்தில் மிகப் பெயர்பெற்ற ‘ஹோஸ்ட்’ சாசரின் ‘காண்டர்பரிக் கதைகள்’ நூலில் வரும் விடுதிக்காரர். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நூல் அது. புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறைக்குச் செல்லும் பயணிகளை அவர் ஆளுக்குச் சில கதைகள் சொல்லச் சொல்கிறார். நல்ல கதை சொல்பவருக்கு மற்றவர்கள் செலவில் இராவுணவு பரிசு. உணவு அவருடைய விடுதியிலேயே! வணிகமும் விருந்தோம்பலும் கைகோத்துவிட்டதை இதைவிடச் சிரிப்போடு சொல்ல முடியாது. உயிரியலார் ஒட்டுண்ணிக்கு இடங்கொடுக்கும் உயிரை ‘ஹோஸ்ட்’ என்பதும், கணிப்பொறியாளர் பிற கணிப்பொறிகளுக்கு இடந்தரும் பொறியை அப்பெயரால் வழங்குவதும் பிற்காலப் பயன்பாடுகள்.

அகதிகளுக்கு இடந்தரும் நாட்டையும் இன்று ‘ஹோஸ்ட்’ நாடு என்றே உலக அவைகளில் குறிப்பிடுகிறார்கள். 1983க்குப் பின் இராமேசுவரம் கரையில் வந்திறங்கி மண்டபம் முகாமுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஈழத்து மக்களை நாம் அறிவோம். அகதிகளைப் பற்றிய 1951ஆம் ஆண்டின் உலக ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அம்முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்கள் உண்டு. அவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்பது ஆவணங்களில் இன்றும் முடிவாகாத வினா. பன்னிரண்டு பலகைகளின் ‘ஹோஸ்திசு’க்கு வழக்குமன்றத்தில் ஒரு நாளாவது இருந்தது.

இனிப் படை என்னும் பொருள். பகைவனைக் குறித்த ‘ஹோஸ்திஸ்’ இடைக்கால இலத்தீனில் பகைவர் படையையும், பிறகு எந்தப் படையையும் குறிக்கலாயிற்று. பகைவன் இருந்தால் நமக்கும் ஒரு படை வேண்டியிருக்கிறது. இறுதியில் இரண்டிற்கும் ஒரே பெயர்! எபிரேய விவிலியத்தின் ‘செபாயோத்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இதையே பயன்படுத்தினார்கள். இஸ்ரயேலின் போர்ப்படை, வானதூதர் அணிகள், விண்மீன் கூட்டம் ஆகிய அனைத்தையும் அந்த எபிரேயச் சொல் தழுவும். தொடக்கநூல் 2ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அது படைப்பின் முழு அணியையும் குறிக்கிறது. தமிழில் நாம் ‘படைகளின் ஆண்டவர்’ என்கிறோம்; சீர்திருத்த சபையார் ‘சேனைகளின் கர்த்தர்’ என்கிறார்கள். இலத்தீன் திருப்பலியோ ‘சபாவோத்’ என்று எபிரேயத்தை அப்படியே வைத்துக்கொண்டது. புதிய ஏற்பாட்டிலும் அச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் இரண்டே இடங்களில் நிற்கிறது. அவற்றுள் ஒன்று யாக்கோபு 5ஆம் அதிகாரம். அங்கே படைகளின் ஆண்டவருடைய செவியை எட்டுவது போர்முரசு அன்று. வயலில் அறுவடை செய்து கூலி கிடைக்காத ஆட்களின் கூக்குரல்.

விருந்தோம்பலும் படையும் ஒரே வீட்டில் குடியேறிய வரலாறும் உண்டு. எருசலேமில் ஏழைத் திருப்பயணிகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. அதை நடத்திய ஜெரார்டு என்பவரின் சகோதர அமைப்பைத் திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் 1113இல் ஏற்று உறுதிசெய்தார். அவர்களே புனித யோவானின் ‘ஹாஸ்பிட்டலர்’ சபையினர். நோயாளிகளைத் தங்கள் தலைவர்கள் என்று அழைத்தார்கள் அவர்கள். அதே நூற்றாண்டிலேயே அவர்கள் கையில் வாளும் ஏறியது. எருசலேமிலிருந்து உரோது தீவு, அங்கிருந்து 1530இல் மால்டா எனச் சென்று, கோட்டைகளும் போர்க்கப்பல்களும் கொண்ட வல்லரசாயினர். 1798இல் நெப்போலியன் மால்டாவைக் கைப்பற்றியதும் படை போயிற்று. மருத்துவப் பணியே இன்றுவரை எஞ்சி நிற்கிறது.

மூன்றாவது சொல்லாகிய ‘ஹோஸ்தியா’வின் வேர் பற்றி அறிஞர் ஒருமனப்படவில்லை. உரோமைப் புலவர் ஓவிது, வெல்லப்பட்ட பகைவரை ஒட்டி அப்பெயர் வந்தது என்று கருதினார். கைம்மாறு செய்தல் என்னும் வினையோடு அதை இணைப்போரும் உண்டு. எவ்வாறாயினும் அது உயிருள்ள பலிப்பொருளைக் குறித்த சொல். எபேசியருக்கு எழுதிய மடலின் இலத்தீன் வடிவத்தில் கிறிஸ்துவே ‘ஹோஸ்தியா’. பின்னர்தான் பீடத்தில் வைக்கும் அப்பத்துக்கு அது பெயராயிற்று. போர்த்துக்கீசியர் வழியாக அது நம் கடற்கரை ஊர்களுக்கு வந்து ‘ஓஸ்தி’ ஆயிற்று. நம் மூத்தோர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘ஒசத்தி’ என்னும் பேச்சுச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைச் சிலருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது!

உரோமையர் 12ஆம் அதிகாரத்தை இந்த நோக்கில் வாசித்தால் வியப்பாயிருக்கிறது. முதல் வசனத்தில் பவுலடியார் நம் உடலை உயிருள்ள பலியாக ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார், இலத்தீனில் ‘ஹோஸ்தியா’. பதின்மூன்றாம் வசனத்தில் விருந்தோம்பலை வேண்டுகிறார். இருபதாம் வசனத்தில் பசித்திருக்கும் பகைவனுக்கு உணவளிக்கச் சொல்கிறார். அங்கே வரும் இலத்தீன் சொல் ‘ஹோஸ்திஸ்’ அன்று. தனிப்பட்ட எதிரியைக் குறிக்கும் வேறொரு சொல். ஆயினும் பலி, விருந்து, பகை என்னும் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இயற்றியதாக வழங்கும் ‘ஓ சலுத்தாரிஸ் ஹோஸ்தியா’ என்னும் நற்கருணைப் பாடலிலும், முதலாம், மூன்றாம் வரிகளில் மீட்பின் பலிப்பொருளும் பகைவரின் தாக்குதலும் ஒலியால் உரசி நிற்கின்றன.

அந்தப் பாடல் பிறந்த காலத்தின் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். 1200ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் எழுந்தேற்றத்தின்போது அப்பத்தை உயர்த்திக் காட்டும் வழக்கம் பரவியது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் நற்கருணையில் நிகழும் பொருள்மாற்றத்தை உறுதியாகக் கூறியது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நற்கருணை உட்கொள்ள விசுவாசிகளைப் பணித்தது. அதே சங்கம் யூதர்கள் தனி உடை அடையாளம் அணிய வேண்டும் என்றும் விதித்தது. 1264இல் திருத்தந்தை நான்காம் உர்பான் கிறிஸ்துவின் திருவுடல் விழாவை உலகத் திருச்சபைக்கு அளித்தார். பக்தி பெருகியது. ஆனால் அதனூடே ஒரு நஞ்சும் பெருகியது. யூதர்கள் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைத் திருடிக் குத்துகிறார்கள், அதிலிருந்து இரத்தம் வழிகிறது என்ற கதை ஊர் ஊராகப் பரவிற்று. நற்கருணையில் கிறிஸ்து எழுந்தருளியிருப்பதை நம்பாதவர்கள் எதற்காக அதைக் குத்த வேண்டும் என்று கேட்பார் இல்லை. 1298இல் செருமனியின் ரோட்டிங்கன் ஊரில் இந்தக் கதை எழ, ரிண்டுபிளைசு என்பவனின் தலைமையில் திரண்ட கும்பல் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் யூதக் குடிகளை அழித்தது.

பவேரியாவின் டெகண்டோர்பு ஊரில் 1338ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களிடம் கடன்பட்டிருந்தவர்கள் அந்த ஊரில் பலர். சில நாட்களுக்குள் நாட்டின் கோமகன் ஹைன்ரிக் ஊராரை மன்னித்து, எடுத்துக்கொண்ட பொருளை அவர்களே வைத்துக்கொள்ள அனுமதித்தார். அப்பத்தைக் குத்திய கதை பின்னரே வந்து ஒட்டிக்கொண்டது. கொலைக்குப் பக்திப் போர்வை தேவைப்பட்டது. அதே 1338இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட், ஆஸ்திரியாவின் புல்காவ் ஊரில் எழுந்த இதே வகைக் குற்றச்சாட்டை விசாரிக்க ஆணையிட்டார். முன்னொரு முறை திருநிலையினர் ஒருவரே அர்ச்சிக்கப்படாத அப்பத்தில் இரத்தத்தைப் பூசி வைத்திருந்ததை அவர் அப்போது சுட்டிக்காட்டினார். உரோமையின் ஐயம் ஊர்மக்கள் காதில் விழவில்லை. டெகண்டோர்பில் கோவில் எழுந்தது. பேறுபலன் அளிக்கும் திருப்பயணத் தலம் என்று பெயர் பெற்றது. நூற்றாண்டுகள் தோறும் ஆயிரமாயிரம் நல்ல மக்கள், உண்மையான பக்தியோடும் கண்ணீரோடும், ஒரு பொய்யை நோக்கி நடந்தார்கள். அவர்களை நினைக்கும்போது நமக்குக் கோபத்தைவிட நடுக்கமே வருகிறது. அவர்களும் நம்மைப் போன்ற விசுவாசிகளே. அவர்கள் முன் உயர்த்தப்பட்டதும் நாம் தொழும் அதே ஓஸ்தியே.

1965 அக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவமல்லாச் சமயங்கள் பற்றிய அறிக்கையை வெளியிட்டு, யூதர் மீதான வெறுப்பைக் கண்டித்தது. 1968இல் பிரசெல்சு உயர்மறைமாவட்டம், 1370இல் தங்கள் நகர யூதர்மேல் சுமத்தப்பட்ட இதே போன்ற குற்றச்சாட்டு ஆதாரமற்ற கட்டுக்கதைத் தன்மை உடையது என்று எடுத்துரைத்தது. டெகண்டோர்புத் திருப்பயணம் அதன் பின்னும் தொடர்ந்தது. 1992இல்தான் ரீகன்ஸ்பர்க் ஆயர் அதை நிறுத்தினார். கொலை நடந்து 654 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோவில் இன்றும் நிற்கிறது. யூதர்களிடம் மன்னிப்பு வேண்டும் பலகை ஒன்று அதில் பதிக்கப்பட்டுள்ளது.